டெலிபிராம்ப்டருக்கு எந்தக் கணினி?

டெலிபிராம்ப்டர் என்பது கேமரா லென்ஸுக்கு முன்னால் சாய்த்து வைத்த கண்ணாடியில், கீழே உள்ள திரையின் எழுத்தைப் பிரதிபலிக்க வைக்கும் கருவி; பேசுபவர் லென்ஸைப் பார்த்தபடியே ஸ்கிரிப்டைப் படிக்கலாம். அதற்குக் கணினி வாங்கப் போகிறவரிடம் கடைக்காரர் முதலில் கேட்பது எந்த பிராசசர், எத்தனை ஜிபி ரேம் என்பதைத்தான். அங்கிருந்து தொடங்கினால் பணம் தேவையில்லாத இடத்துக்குப் போய்ச் சேரும். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகளைக் கீழிருந்து மேலே நகர்த்துவது இன்றைய எந்தக் கணினிக்கும் சுமையே இல்லாத வேலை. 1982இல் அமெரிக்காவில் கர்ட்னி குட்டின், லாரன்ஸ் ஆப்ரம்ஸ் என்ற இருவர் தனிநபர் கணினியில் ஓடும் முதல் பிராம்ப்டரை உருவாக்கினார்கள். அவர்கள் பயன்படுத்திய அடாரி 800 கணினியின் நினைவகம் அதிகபட்சம் 48 கிலோபைட். வாட்ஸ்அப்பில் வரும் ஒரு புகைப்படம்கூட அதைவிடப் பெரியது. ஆனால் எழுத்து வரிவரியாகத் தாவாமல் வழுக்கிக்கொண்டு மேலேற வைக்கும் வசதி அந்தக் கணினியின் வன்பொருளிலேயே இருந்தது.

இன்றும் முதலில் பார்க்க வேண்டியது அந்த வழுக்கலைத்தான். சாதாரணத் திரை நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுகிறது. ஒவ்வொரு முறையும் எழுத்து ஒரே அளவு நகர்ந்தால் கண்ணுக்கு ஓட்டம் சீராகத் தெரியும். கணினி நடுவில் வேறு வேலைக்குத் திரும்பி இரண்டு மூன்று புதுப்பித்தல்களைத் தவறவிட்டால் வரி ஒரு துள்ளு துள்ளும். வாசிப்பவரின் பார்வை அந்த இடத்தில் தடுமாறும். அவர் லென்ஸை நேராகப் பார்த்துக்கொண்டிருப்பதால் அந்தத் தடுமாற்றம் பார்வையாளருக்கும் அப்படியே தெரிந்துவிடும்.

இந்தக் கட்டுரை சிறிய ஸ்டுடியோக்களை மனதில் வைத்து எழுதியது. மாவட்டத் தலைநகரங்களில் இயங்கும் யூடியூப் செய்தி சேனல்கள், பாடங்களைப் பதிவு செய்யும் பயிற்சி மையங்கள், கல்லூரிகளின் காட்சித் தொடர்பியல் துறைகள் ஆகியவற்றுக்கு இது பயன்படும். பெரிய தொலைக்காட்சி நிலையங்களில் செய்தி அறை மென்பொருளிலிருந்து ஸ்கிரிப்ட் நேரடியாக பிராம்ப்டருக்குப் போகிறது; கணினியையும் அந்த அமைப்பை விற்கும் நிறுவனமே குறிப்பிட்டுவிடும். தேர்வு செய்யும் சிக்கல் சிறியவர்களுக்குத்தான்.

உருட்டுவது யார்?

கணினியைப் பற்றி யோசிப்பதற்கு முன் இதை முடிவு செய்ய வேண்டும். பேசுபவரே தன் ஸ்கிரிப்டை ஓட்டிக்கொள்வாரா, அல்லது தனியாக ஓர் ஆபரேட்டர் இருப்பாரா? தேர்வில் பாதியை இந்தப் பதிலே முடித்துவிடும்.

ஆபரேட்டர் இருந்தால் இரண்டு திரைகள் வேண்டும். கண்ணாடிக்குக் கீழே படுத்திருக்கும் திரையில் எழுத்து இடவலம் மாறி, கண்ணாடியில் பட்டபின் சரியாகத் தெரியும்படி ஓட வேண்டும். ஆபரேட்டரின் திரையில் அதே எழுத்து நேராக இருக்க வேண்டும். அடுத்த பக்கம் தெரிய வேண்டும். கடைசி நிமிடத்தில் மாறிய எண்ணை அங்கேயே திருத்த முடிய வேண்டும். விண்டோஸின் திரை அமைப்பில் படத்தைச் சுழற்ற வழியுண்டு, இடவலமாகத் திருப்ப வழியில்லை. அதனால் ஒரு திரையை மட்டும் திருப்பிக் காட்டும் வசதி பிராம்ப்டர் மென்பொருளிலோ மானிட்டரிலோ இருந்தாக வேண்டும். கட்டணமின்றிக் கிடைக்கும் கியூபிராம்ப்ட் என்ற திறமூல மென்பொருள் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இதைச் செய்கிறது. மென்பொருளுக்காகத் தொடக்கத்திலேயே பெரிய தொகை கொடுக்கத் தேவையில்லை என்று நான் சொல்வதற்கு அதுவே காரணம்.

பேசுபவரே ஓட்டிக்கொள்வதென்றால் இரண்டாவது திரைக்கு வேலை இல்லை. ஒரு சிறிய புளூடூத் ரிமோட்டோ கால் பெடலோ போதும்.

தனியாகப் பேசுபவருக்கு டேப்லெட்

யோகா ஆசிரியர், சட்ட ஆலோசனை சொல்லும் வழக்கறிஞர், போட்டித் தேர்வுப் பாடம் எடுப்பவர் போன்றோர் கேமராவுக்கு ஐந்தாறு அடி தள்ளி நின்று பேசுகிறார்கள். இவர்களுக்குக் கணினியே வேண்டாம், டேப்லெட் போதும். திரையும் பேட்டரியும் கணினியும் ஒரே பலகையில் இருப்பது இங்கே உண்மையான நன்மை. மின்சாரம் போனாலும் எழுத்து நிற்காது. விசிறி இல்லாததால் சத்தமும் இல்லை.

பிராம்ப்டர் கண்ணாடிகள் பெரும்பாலும் 70க்கு 30 என்ற விகிதத்தில் பூச்சு செய்யப்பட்டவை. ஒளியில் 70 சதவீதத்தைக் கேமராவுக்கு விட்டுவிட்டு 30 சதவீதத்தை வாசிப்பவருக்குத் திருப்பி அனுப்புகின்றன. அதாவது திரையின் பிரகாசத்தில் மூன்றில் ஒரு பங்குகூடக் கண்ணுக்கு வருவதில்லை. திரையின் பிரகாசத்தை நிட்ஸ் என்ற அலகில் அளப்பார்கள்; அடிப்படை ஐபேடுக்கு அது 500 நிட்ஸ். அலுவலகங்களில் இருக்கும் பழைய மானிட்டர்கள் பல 250 நிட்ஸ் அளவில்தான் இருக்கும். ஒளி அதிகமான இடத்தில் ஐபேடின் எழுத்து பளிச்சென்று தெரிவதற்கு இதுவே காரணம்.

தூரம் கூடினால் டேப்லெட் தோற்றுவிடும். 11 அங்குலத் திரையில் தமிழைப் பெரிதாக்கினால் ஒரு வரிக்கு இரண்டு சொற்கள்தான் நிற்கும். ஏழெட்டு அடிக்கு அப்பால் நிற்பவருக்கு நான் டேப்லெட்டைப் பரிந்துரைக்க மாட்டேன். மிக அருகில் அமர்ந்து பேசுபவருக்கு வேறொரு சிக்கல் உண்டு. வரி அகலமாக இருந்தால் கண்மணிகள் இடமும் வலமும் ஓடுவது கேமராவில் பதிவாகிவிடும். அவர்கள் எழுத்தைக் குறுகிய பத்தியாக்கி நடுவில் ஓடவிட வேண்டும்.

வெப்பத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஐபேடைச் சுற்றுப்புற வெப்பம் 35 டிகிரிக்கு மிகாத இடத்தில் பயன்படுத்தச் சொல்கிறது ஆப்பிள். வேலூரிலோ மதுரையிலோ மே மாதத்தில் வெளிப்புறப் படப்பிடிப்பு என்றால் காலையிலேயே அந்த எல்லை தாண்டிவிடும். சூடு ஏறினால் திரை தானாக மங்கும், வெயிலில் எழுத்து மிகவும் தேவைப்படும் நேரத்தில். வெளிப்புற வேலை அதிகமுள்ளவர்கள் 1000 நிட்ஸுக்கு மேற்பட்ட பிரத்யேகப் பிராம்ப்டர் மானிட்டருக்குப் பணம் ஒதுக்குவது நல்லது.

2025இல் வந்த அடிப்படை ஐபேடின் அறிமுக விலை 34,900 ரூபாய். பிராம்ப்டருக்காக மட்டும் புதிதாக வாங்க இது சற்று அதிகம். வீட்டில் ஏற்கெனவே இருந்தால் அதைவிட நல்ல தொடக்கம் இல்லை. ஆண்ட்ராய்டு டேப்லெட்டும் வேலை செய்யும். மலிவானவற்றில் எழுத்து துள்ளுகிறதா என்று மட்டும் கடையிலேயே ஓட்டிப் பார்த்துவிட வேண்டும். எதுவானாலும் பதிவு தொடங்கும் முன் விமானப் பயன்முறைக்கு மாற்றிவிட்டு, ரிமோட்டுக்காக புளூடூத்தை மட்டும் மறுபடி இயக்குங்கள். வாக்கியத்தின் நடுவில் அழைப்பு வந்து ஸ்கிரிப்டை மறைத்தால் பேசுபவரின் முகம் மாறிவிடும். அந்தப் பதிவை மீட்க முடியாது.

மேசையில் அமர்ந்து இணையவழிக் கூட்டங்களில் பேசுபவர்களுக்காக எல்காட்டோ நிறுவனம் 9 அங்குலத் திரையுடன் ஒரு பிராம்ப்டர் விற்கிறது. அது கணினிக்கு யுஎஸ்பி வழியாக இன்னொரு மானிட்டராகவே தெரியும். ஏற்கெனவே இருக்கும் கணினியோடு சேர்த்துக்கொள்ளத் தக்கது அது. செய்தி வாசிப்புக்கு அந்தத் திரை சிறியது.

ஆபரேட்டருக்கு: புதுப்பித்த அலுவலக லேப்டாப்

ஆபரேட்டர் வைத்து வேலை செய்யும் சிறிய ஸ்டுடியோவுக்கு என் தேர்வு சந்தேகமில்லாமல் இதுதான். பெரிய நிறுவனங்கள் மூன்று நான்கு ஆண்டுகள் பயன்படுத்திவிட்டுக் கழிக்கும் அலுவலக வகை லேப்டாப்கள் சென்னை ரிச்சி தெருவிலும் கோவை, திருச்சி போன்ற நகரங்களின் கணினிக் கடைகளிலும் புதுப்பிக்கப்பட்டு விற்பனைக்கு வருகின்றன. லெனோவோ திங்க்பேட் டி480, டெல் லாட்டிட்யூட் 7490, ஹெச்பி எலைட்புக் 840 ஜி5 ஆகிய மூன்றும் 2018ஆம் ஆண்டு மாடல்கள். மூன்றிலும் வெளித்திரையை இணைக்கும் முழு அளவு எச்டிஎம்ஐ துளை இருக்கிறது, லேன் கேபிள் செருக இடம் இருக்கிறது, விசைப்பலகை உறுதியானது. சுமார் 20,000 ரூபாயில் 8 ஜிபி ரேமும் எஸ்எஸ்டி என்ற, சுழலும் பாகமில்லாத சேமிப்பகமும் உள்ள ஒன்று கிடைக்கும்.

2018 என்று குறிப்பிட்டுச் சொல்வதற்குக் காரணம் உண்டு. விண்டோஸ் 10க்கான பாதுகாப்பு ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11 இன்டெல்லின் எட்டாம் தலைமுறை பிராசசரிலிருந்துதான் அதிகாரபூர்வமாக ஏற்கப்படுகிறது; 2018 மாடல்களில் பெரும்பாலும் இருப்பது அந்தத் தலைமுறைதான். இதனால் ஆறாம், ஏழாம் தலைமுறை லேப்டாப்கள் இன்னும் மலிவாகக் கிடைக்கின்றன. இணையத்தோடு இணைக்காமல் பிராம்ப்டருக்கு மட்டும் வைத்துக்கொள்வதாக இருந்தாலோ லினக்ஸ் போடத் தெரிந்தாலோ அவற்றையும் தைரியமாக வாங்கலாம். மற்றவர்கள் இரண்டு மூன்று ஆயிரம் கூடக் கொடுத்து எட்டாம் தலைமுறைக்குப் போவது நல்லது.

டி480யை நான் முதலில் சொல்வதற்கு அதன் பேட்டரி அமைப்பே காரணம். உள்ளே நிலையான ஒரு பேட்டரியும் பின்புறம் கழற்றி மாட்டக்கூடிய ஒரு பேட்டரியும் அதில் இருக்கின்றன. உள்ளிருக்கும் பேட்டரியில் கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே வெளியிலிருப்பதை மாற்றிவிடலாம். நாள் முழுதும் வெளியூரில் படப்பிடிப்பு நடத்துபவருக்கு இந்த வசதி பெரிது. ஆனால் பழைய லேப்டாப்பில் பேட்டரி தேய்ந்திருக்கும். வாங்கும் முன் விண்டோஸ் தரும் பேட்டரி அறிக்கையை எடுக்கச் சொல்லுங்கள். புதிதாக இருந்தபோதைய கொள்ளளவும் இன்றைய முழுக் கொள்ளளவும் அதில் பக்கம்பக்கமாக இருக்கும். பாதிக்கும் கீழே இறங்கியிருந்தால் புது பேட்டரியின் விலையைக் கழித்துக்கொண்டு பேரம் பேசலாம்.

பிராசசரில் ஐ5, ஐ7 என்ற வேறுபாடு இந்த வேலைக்கு ஒரு பொருட்டே அல்ல. தனி கிராஃபிக்ஸ் அட்டை உள்ள கேமிங் லேப்டாப்பை இதற்கு வாங்கவே கூடாது. பல சிறிய ஸ்டுடியோக்களில் பதிவு நேரத்தில் சத்தத்துக்காக ஏசியை அணைத்துவிடுகிறார்கள். விளக்குகளின் சூட்டில் அறை வெந்துகொண்டிருக்க, கேமிங் லேப்டாப்பின் விசிறி முழு வேகத்தில் இரையும். மைக் அதைப் பிடித்துவிடும். எஸ்எஸ்டி மட்டும் கட்டாயம் வேண்டும். பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் உள்ள கணினியில் பின்னணியில் ஏதாவது ஒன்று வட்டைத் தேடத் தொடங்கினால் எழுத்து அரை நொடி நின்று பிறகு ஓடும். அந்த அரை நொடி பேசுபவரின் மூச்சையே மாற்றிவிடும்.

விண்டோஸில் செய்ய வேண்டிய சில ஏற்பாடுகளைத் தள்ளிப்போடக் கூடாது. புதுப்பிப்புகளைப் பதிவு இல்லாத நாளில் முழுமையாக முடித்துவிட்டுப் பிறகு இடைநிறுத்த வேண்டும். உறக்க நிலை, ஸ்கிரீன் சேவர், அறிவிப்புகள் மூன்றையும் அணைக்க வேண்டும். மின்னஞ்சலோ வாட்ஸ்அப்போ இந்தக் கணினியில் இருக்கவே கூடாது. வெளித்திரையின் அமைப்பில் ஒரு முக்கியமான இடம் உண்டு: மலிவான யுஎஸ்பி சி வகை அடாப்டர் வழியாக 4கே டிவியையோ மானிட்டரையோ இணைத்தால் கணினி பல நேரம் 4கே படத்தை நொடிக்கு 30 முறை மட்டும் அனுப்பும். எழுத்து நடுங்குவதாகப் பலர் புகார் சொல்வது இதனால்தான். திரையை 1080பி, 60 ஹெர்ட்ஸ் என்று மாற்றியவுடன் கணினி புதிதாகிவிட்டதுபோல் ஓடும். பிராம்ப்டருக்கு 4கே தேவையே இல்லை.

தமிழ் எழுத்து வைக்கும் தேர்வு

வெளிநாட்டு ஒப்பீடுகளை நம்பிக் கணினியும் மென்பொருளும் வாங்குபவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான். ஆங்கிலத்துக்கு ஒத்துவந்த அமைப்பு தமிழுக்கு ஒத்துவரும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

முதலில் எழுத்துக் கோவை. யூனிகோடில் 'கொ' என்ற எழுத்தைச் சேமிக்கும்போது க முதலிலும் உயிர்க்குறி அடுத்தும் வருகின்றன. திரையில் வரையும்போது அந்தக் குறியை இரண்டாகப் பிரித்துக் ககரத்தின் இருபுறமும் வைக்க வேண்டும். விண்டோஸும் மேக்கும் ஆண்ட்ராய்டும் இதைச் சரியாகவே செய்கின்றன. ஆனால் எழுத்தைத் தானே வரைந்துகொள்ளும் சில பழைய பிராம்ப்டர் மென்பொருள்கள் கொம்பைத் தவறான பக்கத்தில் போடும், அல்லது புள்ளிகளாலான வட்டத்தோடு தனியே தொங்கவிடும். அதனால் வாங்குவதற்கு முன் சோதனைப் பதிப்பில் 'கொக்கு, கோபுரம், கௌரவம், ஸ்ரீரங்கம், க்ஷேத்திரம்' என்று ஒரு வரி அடித்து ஓடவிட்டுப் பாருங்கள். அதில் தேறினால் மற்றவற்றிலும் தேறும். உலாவியில் ஓடும் பிராம்ப்டர்களும் கியூபிராம்ப்டும் இந்தச் சோதனைக்குப் பொருத்தமான தொடக்கம்.

அச்சகப் பழக்கமுள்ளவர்களிடமிருந்து வரும் ஸ்கிரிப்ட் இன்னும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் இருப்பது உண்டு. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்துகளின் குவியல்தான் தெரியும். என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற கருவியால் யூனிகோடுக்கு மாற்றி, ஒருமுறை படித்துச் சரிபார்த்த பிறகே பிராம்ப்டரில் ஏற்ற வேண்டும். இந்த மாற்று வேலையை ஆபரேட்டர் தன் கணினியிலேயே செய்ய முடிவது, டேப்லெட்டைவிட விண்டோஸ் லேப்டாப்பை நான் முன்னே வைப்பதற்கு இன்னொரு காரணம்.

அடுத்தது சொல்லின் நீளம். 'ஒருங்கிணைக்கப்பட்டிருக்கிறது' என்பது ஒரே சொல், 16 எழுத்துகள். 1280 பிக்சல் அகலமுள்ள திரையில் எழுத்தை 100 பிக்சல் அளவுக்கு வைத்தால் இந்தச் சொல் ஒரு வரியில் அடங்காது. மென்பொருள் அதைக் கண்ட இடத்தில் உடைக்கும், அல்லது ஓரத்தில் வெட்டிவிடும். செய்தித் தமிழில் இத்தகைய சொற்கள் பத்திக்குப் பத்தி வரும். இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஸ்கிரிப்ட் எழுதுபவர் 'ஒருங்கிணைக்கப் பட்டிருக்கிறது' என்று மூச்சு விடும் இடத்தில் பிரித்து எழுதலாம். அல்லது அகலமான திரை வாங்கலாம். 17, 19 அங்குலப் பழைய சதுர வடிவ மானிட்டர்கள், திரையையும் கண்ணாடியையும் தாங்கும் பிராம்ப்டர் கூண்டுக்குள் நன்றாகப் பொருந்தும், மலிவாகவும் கிடைக்கும். ஆனால் அவற்றின் அகலம் 1280 பிக்சல்தான். பத்து அடிக்கு அப்பால் அமரும் செய்தி வாசிப்பாளருக்குத் தமிழ் ஓட்டுவதென்றால் 22 அங்குல அகலத் திரையையே நான் தேர்ந்தெடுப்பேன். அந்த அகலத்துக்கேற்ற கண்ணாடி கூண்டில் இருக்கிறதா என்பதை முதலில் அளந்துகொள்ள வேண்டும்.

பிறகு மெய்யெழுத்தின் புள்ளி. தூரத்திலிருந்து பார்க்கும்போது முதலில் மறைவது அதுதான். 'பட்டம்' என்பது 'படடம்' என்று தெரிந்தால் பழகிய வாசிப்பாளர் சூழலைக் கொண்டு சமாளித்துவிடுவார். அறிமுகமில்லாத ஊர்ப் பெயரோ ஆள் பெயரோ வந்தால் தடுமாறத்தான் வேண்டும். காலும் ரகரமும் ஒன்றுபோல் தெரிவது இன்னொரு தொல்லை. கனமான, புள்ளி பெரிதாக உள்ள எழுத்துருவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர் இரண்டின் தடித்த வடிவங்களும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. விண்டோஸுடன் வரும் நிர்மலாவும் தடித்த வடிவில் பரவாயில்லை. புள்ளியைக் கெடுப்பதில் மலிவான கண்ணாடிக்கும் பங்குண்டு. பூச்சில்லாத சாதாரணக் கண்ணாடியின் இரு பரப்புகளிலிருந்தும் எழுத்து திரும்பி வருவதால் ஒவ்வொரு எழுத்துக்கும் மெல்லிய நிழல் விழும். ஒரு புள்ளி இரண்டாகும். அந்த நிலையில் கணினியை மாற்றிப் பயனில்லை. கணினியில் ஐந்தாயிரம் குறைத்து அந்தப் பணத்தைக் கண்ணாடியில் போடுங்கள்.

பேசுவதைக் கேட்டு எழுத்தைத் தானே நகர்த்தும் மென்பொருள்களைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். அவற்றின் சிறந்த பயன் ஆங்கிலத்துக்கே. தமிழில் நாம் சேர்த்து எழுதுவதைப் பிரித்துப் பேசுகிறோம், பிரித்து எழுதுவதைச் சேர்த்துப் பேசுகிறோம். '1,250 கோடி' என்று எழுதியிருப்பதை வாயால் சொல்லும்போது அதன் உருவமே வேறு. நேரலைச் செய்திக்கு இதை நம்பிக் கணினி வாங்க வேண்டாம். நிமிடத்துக்கு இத்தனை சொற்கள் என்று வேகத்தை நிர்ணயிக்கும் வசதியும் ஆங்கிலச் சொல் நீளத்தை வைத்து எழுந்தது, நம் சொற்களுக்கு அது பொருந்தாது. பேசுபவரின் வாயைப் பார்த்துச் சக்கரத்தைத் திருப்பும் ஆபரேட்டரின் கை இன்னும் எல்லாவற்றையும்விட நம்பகமானது. காண்டூர் நிறுவனத்தின் ஷட்டில் சக்கரம் போன்ற ஒரு யுஎஸ்பி கருவிக்குச் செலவிடுவது வீணாகாது. அந்தக் கைக்கு ஏற்றபடி கணினி நடக்க வேண்டும்.

மேக், சிறிய பெட்டிக் கணினி, ராஸ்பெர்ரி பை

மேக்புக் ஏர் இந்த வேலைக்கு மிக நல்ல கணினி. 2020இல் வந்த எம்1 மாடல் முதல் அதில் விசிறியே கிடையாது. சத்தம் பற்றிய கவலை முழுவதும் நீங்குகிறது. தமிழ் எழுத்துகள் தெளிவாக வரும். எம்1, எம்2 மாடல்கள் ஒரே ஒரு வெளித்திரையை மட்டும் ஏற்கும் என்பது வீடியோ எடிட்டர்களின் குறை. பிராம்ப்டருக்கு ஒரு வெளித்திரைதான் வேண்டும் என்பதால் இங்கே அது குறையே அல்ல. எச்டிஎம்ஐ துளை இல்லாததால் நல்ல அடாப்டர் ஒன்றும், அதற்கு மாற்றாக இன்னொன்றும் பையில் இருக்க வேண்டும். புதிய மாடல் ஒன்றுக்கு லட்சம் ரூபாயை ஒட்டிச் செலவழித்து அதை எழுத்து உருட்ட மட்டும் வைத்திருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. எடிட்டிங்குக்காக ஏற்கெனவே வாங்கிய பழைய ஏர் ஓய்வில் இருந்தால், அதைவிடச் சிறந்த பிராம்ப்டர் கணினியைத் தேட வேண்டியதில்லை.

மேக் மினியும் மற்ற சிறிய பெட்டிக் கணினிகளும் ஒரே இடத்தில் நிலையாக இருக்கும் ஸ்டுடியோவுக்குப் பொருந்தும். எம்4 மேக் மினி 59,900 ரூபாய்க்கு அறிமுகமானது. அதற்கு மேல் ஆபரேட்டருக்கு ஒரு மானிட்டர், விசைப்பலகை, யுபிஎஸ் எல்லாம் தனியாக வாங்க வேண்டும். அந்த மொத்தத்தில் இரண்டு புதுப்பித்த லேப்டாப்கள் வந்துவிடும், ஒன்றுக்கு ஒன்று மாற்றாக. பணம் அளவாக உள்ள இடத்தில் நான் இரண்டு சாதாரணக் கணினிகளையே தேர்ந்தெடுப்பேன்.

ஒற்றைப் பலகையில் அடங்கிய சிறிய கணினியான ராஸ்பெர்ரி பையின் 4, 5 மாடல்கள் இரண்டிலும் இரண்டு மைக்ரோ எச்டிஎம்ஐ துளைகள் இருப்பதால் பிராம்ப்டருக்கு என்றே செய்ததுபோல் தோன்றும். லினக்ஸில் வெளித்திரையை அமைப்பின் அளவிலேயே இடவலமாகத் திருப்பவும் முடியும். கல்லூரி ஆய்வகங்களில் மாணவர்கள் செய்து பார்க்க மிக நல்ல பயிற்சி. ஆனால் பலகை, மின்வழங்கி, கூடு, மெமரி கார்டு, கேபிள்கள் என்று சேர்த்தால் விலை பழைய லேப்டாப்பை நெருங்கிவிடும். திடீரென்று மின்சாரம் போனால் மெமரி கார்டில் உள்ள கோப்புகள் கெட்டுப்போகும் ஆபத்தும் உண்டு. லினக்ஸ் தெரிந்தவர் எப்போதும் பக்கத்தில் இருக்கும் இடத்தில் மட்டும் இது நிலைக்கும்.

மின்சாரம், கேபிள், பங்கிடாமை

லேப்டாப்பில் பேட்டரி இருப்பதால் மின்வெட்டைப் பற்றிக் கவலை இல்லை என்று நினைப்பவர்கள் மானிட்டரை மறந்துவிடுகிறார்கள். மின்சாரம் போன கணத்தில் லேப்டாப் ஓடிக்கொண்டிருக்கும், வாசிப்பவருக்கு முன்னால் கண்ணாடி இருண்டிருக்கும். ஆகவே எந்தக் கணினி வாங்கினாலும் பிராம்ப்டர் மானிட்டரை ஒரு சிறிய யுபிஎஸில் இணைக்க வேண்டும். வீட்டு இன்வெர்ட்டரை நம்புபவர்கள் அதை யுபிஎஸ் பயன்முறையில் வைத்துச் சோதித்துப் பார்க்க வேண்டும். சாதாரணப் பயன்முறையில் அது மாறும் நேரத்தில் மேசைக் கணினி அணைந்து மறுபடி தொடங்கலாம். 12 வோல்ட்டில் இயங்கும் மானிட்டர் என்றால் கேமரா பேட்டரியிலேயே ஓட்டிவிடலாம், வெளியூர் வேலைக்கு அதுவே வசதி.

ஆபரேட்டர் கேமராவிலிருந்து எவ்வளவு தள்ளி உட்காருவார் என்பதும் கணினியைத் தீர்மானிக்கும். சாதாரண எச்டிஎம்ஐ கேபிள் 10 மீட்டர் வரை நம்பிக்கையாகப் படத்தைக் கொண்டுபோகும். அதற்கு மேல் ஒளிபரப்புத் துறையில் பயன்படும் எஸ்டிஐ கேபிளோ, லேன் கேபிள் வழியாக எச்டிஎம்ஐயைக் கடத்தும் பெட்டியோ வேண்டும். சின்ன அறையில் இந்தச் செலவு வராது. கல்யாண மண்டப அளவுள்ள அரங்கத்தில் வரும்.

பதிவும் நேரலையும் ஓபிஎஸ் என்ற மென்பொருளில் நடக்கும் கணினியிலேயே பிராம்ப்டரையும் ஓட்டுவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். ஒரு கணினி மிச்சமாகும் என்பது உண்மை. வீடியோவைச் சுருக்கும் வேலை பிராசசரையும் கிராஃபிக்ஸையும் இழுத்துக்கொள்ளும்போது முதலில் துள்ளுவது பிராம்ப்டர் எழுத்து. கணினி உறைந்தால் ஒளிபரப்போடு ஸ்கிரிப்டும் சேர்ந்து போய்விடும், பேசுபவருக்கு மன்னிப்புக் கேட்கக்கூட வரி இருக்காது. பிராம்ப்டருக்கு 20,000 ரூபாய் லேப்டாப் ஒன்றைத் தனியாக வைப்பது ஆடம்பரமாகாது. நேரலை செய்பவர்கள் அதோடு அன்றைய ஸ்கிரிப்டை ஒரு பழைய டேப்லெட்டிலும் ஏற்றி, கேமரா மேசையிலேயே வைத்திருக்க வேண்டும். பக்க எண் போட்ட அச்சுப் பிரதியும் வாசிப்பாளர் கையில் இருக்க வேண்டும்.

கடைக்குப் போகும்போது

பென் டிரைவில் உங்கள் உண்மையான ஸ்கிரிப்ட் ஒன்றையும், நிறுவ வேண்டிய மென்பொருளையும், தேர்ந்தெடுத்த தமிழ் எழுத்துருவையும் எடுத்துச் செல்லுங்கள். சொந்த எச்டிஎம்ஐ கேபிளையும் எடுத்துச் செல்லுங்கள், கடையின் கேபிளை வைத்துப் பார்ப்பதில் பயனில்லை. கடையில் இருக்கும் ஏதாவது ஒரு மானிட்டரில் இணைத்து, இரண்டு திரைகளும் தனித்தனியாக இயங்கும் நீட்டிப்புப் பயன்முறையில் வெளித்திரையில் மட்டும் எழுத்தைத் திருப்பி, அரை மணி நேரம் நிறுத்தாமல் ஓடவிடச் சொல்லுங்கள். நல்ல கடைக்காரர் மறுக்க மாட்டார். ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆபரேட்டர் திரையில் ஒரு வரியைத் திருத்திப் பாருங்கள். வெளித்திரை நின்றுவிடாமல் மாற வேண்டும். எச்டிஎம்ஐ கேபிளை உருவி மறுபடி செருகிப் பாருங்கள். எழுத்து விட்ட இடத்துக்குத் தானாகத் திரும்ப வேண்டும். பழைய லேப்டாப்பில் அந்தத் துளை தளர்ந்திருந்தால் இந்த இடத்தில் தெரிந்துவிடும், தளர்ந்திருந்தால் வேறு ஒன்றைக் கேளுங்கள். அரை மணி முடிந்ததும் விசிறியின் பக்கம் காதை வைத்துக் கேளுங்கள். பிறகு சார்ஜரைப் பிடுங்கிவிட்டு இன்னும் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். சில லேப்டாப்கள் பேட்டரிக்கு மாறியதும் திரையை மங்கலாக்கி வேகத்தையும் குறைத்துக்கொள்ளும். அப்போதும் எழுத்து துள்ளாமல் ஓடினால் பணத்தைக் கொடுக்கலாம்.